தகரக் கொட்டகைக்கு ஒரு பேட்டரி

பேட்டரி பயிற்சி வகுப்பின் கடைசி நாளில், மலையடிவாரத்துப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றுக்கு எந்த வகை பேட்டரி பொருந்தும் என்று எழுதச் சொன்னார்கள். எஸ்தர் அதே ஆஸ்பத்திரியின் எலக்ட்ரீஷியன். கரண்ட் போன ஒரு மத்தியானம், ஜன்னல் இல்லாத அறையில் டாக்டர் தையல் போட்டு முடிக்கும்வரை செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள். பேட்டரி வைக்கப்போகும் தகரக் கொட்டகையின் சூட்டை ஒரு வாரம் அளந்து குறித்து வைத்திருந்தாள். வகுப்பில் சொல்லிக்கொடுத்த முறையிலேயே கணக்குப் போட்டு, அந்தச் சூட்டைத் தாங்கும் வகையை எழுதினாள். பயிற்சியாளர் தயாபரன் தாளைப் படித்துவிட்டு, “கணக்கு சரிதாம்மா, விடைய மாத்து. ஆஸ்பத்திரிக்கு வேற வகை போன மாசமே வந்து எறங்கிடுச்சு. அதுக்கு ஏத்த மாதிரி எழுதிக் குடு, ஃபைல்ல வைக்கணும்” என்றார்.

“அது அந்தக் கொட்டகையில ரெண்டு கோடை தாங்காது சார்.”

“எனக்குத் தெரியாதா?”

பக்கத்தில் இருந்தவர்கள் தலைகுனிந்து அழித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் எதையும் அழிக்கவில்லை. தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு அவர் முன்னால் வைத்தாள்.

“என் விடை தப்புன்னு எழுதி நீங்களும் கையெழுத்துப் போடுங்க சார்.”

அழிக்கும் சத்தம் நின்றது. தயாபரன் சிவப்புப் பேனாவைத் திறந்தார். முனை தாளில் பட்ட இடத்தைவிட்டு நகரவில்லை; மை ஊறிக்கொண்டே இருந்தது.