சாகாத மீன்

மீன்பானைக்கு எதிரே குந்திய மேஸ்திரி ஏசுபாதம் எழுந்திருக்கிற வழியாக இல்லை.

ஒரு மீனைப் பிடிப்பார். செவுளைத் தூக்கிப் பார்ப்பார். மறுபடி தண்ணீரில் விடுவார்.

"இன்னா மேஸ்திரி, மீன் வாங்கறீங்களா, பொண்ணு பாக்கறீங்களா?" என்றாள் கீரைக்காரி. மாரிகுப்பம் சந்தையே சிரித்தது.

ரத்தினம்மா சிரிக்கவில்லை. பேத்தமங்களா ஏரியிலிருந்து உயிர்மீன் கொண்டுவந்து விற்கிறவள். இடுப்பில் குழந்தை துவண்டு கிடந்தது. இந்தக் கஞ்சன் எப்போது இடத்தைக் காலி பண்ணுவான் என்றிருந்தது அவளுக்கு.

"கொழம்புக்குத்தானேங்க? எதுவா இருந்தா இன்னா?"

"கொழம்புக்கு இல்லம்மே. சுரங்க மேனேஜர் துரை பங்களாவுல கண்ணாடித் தொட்டி வெச்சிருக்காரு. அதுல விடணும். சாகக் கூடாது."

அவளுக்கு மனசு இளகிவிட்டது. ஒரு மீன் சாகக் கூடாதென்று இத்தனை பாடுபடுகிற மனுஷனையா கஞ்சன் என்று நினைத்தோம்!

"அப்ப இந்தக் கெண்டையை எடுத்துக்குங்க. வெள்ளிக்காசு மாதிரி மின்னும்."

"அழகு கெடக்கட்டும். எந்தக் கெட்ட தண்ணியில விட்டாலும் தாங்கணும். அப்படி எது?"

"கண்ணாடித் தொட்டியில கெட்ட தண்ணி ஏதுங்க?"

"பட்லர் சோம்பேறிம்மே. தண்ணி மாத்த மாட்டான்."

பானையின் அடியில் கையை விட்டுக் கருத்த மீன் இரண்டை எடுத்தாள்.

"குறவைங்க. சாக்கடையில விட்டாலும் சாகாது. மேல வந்து வாயைத் தொறந்து காத்தைக் குடிச்சுட்டுப் போயிடும். கண்ணு தெளிவா இருக்குது, வாலு கிழியல. நீங்களே பாருங்க."

மேஸ்திரி காசை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"காசு வேணாங்க. எங்க கூலி லைன் கிணத்துல சாக்கடை ஊறி எறங்குது. பக்கத்து வூட்டுக் கொயந்தை போயிடுச்சு. இதுக்கும் வயித்தால போறது நிக்கல. அந்தக் கிணத்தை மூடிட்டு, ஏரித் தண்ணியை வண்டியில விடச் சொல்லி துரைகிட்ட சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"நாளைக்கு டாக்டர் துரை கிணத்தைப் பாக்க வராரு. நான் இருக்கேன் இல்ல?" என்றார் மேஸ்திரி.

மறுநாள் கிணற்றடியில் லைனே கூடிவிட்டது. மேனேஜர் பங்களாவில் பிள்ளையோடு தங்கி ஆயா வேலை பார்க்கிற சாராகூட வந்திருந்தாள்.

டாக்டர் துரை கிணற்றை எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துபோயிற்று.

ரத்தினம்மாவும் எட்டிப் பார்த்தாள். இரண்டு குறவைகள் மேலே வந்து வாயைத் திறந்துவிட்டு உள்ளே போயின.

அவள் கொடுத்த அதே மீன்கள்! அந்தக் கிணறு வெட்டின காண்ட்ராக்ட் ஏசுபாதத்தினுடையது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"மீன் வாழுற தண்ணியில இன்னா கெடுதல்னு துரை கேக்கறாரு!" என்றார் மேஸ்திரி, கூட்டத்தைப் பார்த்து.

கூட்டம் ஓரடி பின்னால் நகர்ந்தது. எல்லார் வீட்டு ஆம்பளைக்கும் அவர்தானே வேலை கொடுக்கிறவர்.

நாலு பேர் முன்னால் நிமிர்ந்து பேசியறியாத ரத்தினம்மா, குழந்தையோடு துரையின் எதிரே போய் நின்றாள்.

"சாமி! அந்த மீனு நான் குடுத்தது. அது சாக்கடையிலயும் வாழும். மனுசப் புள்ள வாழாது சாமி!"

துரைக்குத் தமிழ் தெரியாது. மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி துளியும் தயங்காமல் இங்கிலீஷில் சொன்னார். துரை தலையை ஆட்டினார். குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டுக் குதிரை வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

ரத்தினம்மாவுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. சொல்லிவிட்டாளே!

சாயங்காலம் சாரா அழுதுகொண்டே வந்தாள்.

"பங்களாவுல ஏது அக்கா கண்ணாடித் தொட்டி? நீ சொன்னதையும் அந்தப் பாவி சொல்லல. 'மீன்காரியே சொல்றா, இதைவிட நல்ல தண்ணி கெடையாதாம், அவ புள்ளைக்கும் இதைத்தான் குடுக்கறாளாம்'னு இங்கிலீஷ்ல சொன்னான். இனி கிணத்தை மூட மாட்டாங்க அக்கா."

ரத்தினம்மா குழந்தையைப் பார்த்தாள். அதற்கு அழக்கூடத் தெம்பில்லை.

"நீ இங்கிலீஷ் தெரிஞ்சவதானேடி? பக்கத்துலதானே நின்ன? அப்பவே துரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

சாரா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சொன்னா பங்களா வேலை போயிடும் அக்கா. அப்புறம் என் புள்ளையும் இந்தத் தண்ணியைத்தானே குடிக்கணும்?"