வாடாத கொடி

2017 ஏப்ரல் 9 அன்று, கீழ்ப்பழனி மலையில் ஒரு காப்பித் தோட்டத்தின் மிளகுக் கொடிகளெல்லாம் வறட்சியில் தொங்கிப்போயிருக்க, ஒன்று மட்டும் பச்சையாக நின்றது. அது படர்ந்திருந்த சில்வர் ஓக் மரத்தின் உச்சியில், யார் கண்ணிலும் படாமல், ஆறு பெயின்ட் வாளிகளில் கஞ்சாச் செடிகள் இருந்தன. கிளை கழிக்கும் மருதமுத்து தினமும் ஏறி நீர் ஊற்றுவார். வழிந்தது கொடிக்குப் போயிற்று. மிளகு பறித்தாகிவிட்டதால் இனி வேறு யாரும் ஏறமாட்டார்கள். கஞ்சா அறுவடைக்கு இன்னும் மூன்று வாரம். அதை நம்பித்தான் மகளை நர்சிங்கில் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

"என்னத்தப்பா வச்ச இதுக்கு?" என்றார் முதலாளி தேவசகாயம்.

"ஒண்ணும் வைக்கலங்கய்யா. மண்ணு வாகு."

"இருவது வருசமா எனக்குத் தெரியாத வாகு!"

வறட்சி தாங்கும் கொடி, இனி நாற்றுக்கு வெட்டியெடுக்க இதுதான் தாய்க்கொடி என்று முடிவுசெய்து முதலாளி அடியிலேயே நாற்காலி போட்டுக்கொண்டார். பக்கத்துத் தோட்டக்காரர்கள் காலை முதல் இருட்டும்வரை வந்து அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் ஏறப் போனார்.

"ஏறாதீங்கண்ணே, மேல குளவி கட்டியிருக்கு" என்றார் மருதமுத்து.

"உன்னைய மட்டும் கொட்டாதோ? சொந்தக்காரக் குளவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து மருதமுத்துவாலும் ஏற முடியவில்லை.

ஐந்தாம் நாள் கொடி லேசாகத் துவண்டது. முதலாளி பதறி, வேருக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். மருதமுத்து நாளுக்கு எட்டுக் குடம் சுமந்து ஊற்றினார். கொடி பிழைத்தது. மேலே ஆறு வாளிகளிலும் செடிகள் பட்டுப்போயின.