வெட்டுவதற்கென்று மூன்று ஊர்கள்

அறுபது என்ற சொல் மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தபோது அவளால் நம்ப முடியவில்லை.

செலவில் பாதிக்குப் பாதி என்றுதான் காலையிலிருந்து டெல்லிக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நூற்றுக்கு அறுபதை மத்திய அரசு ஏற்க வேண்டும், நாற்பதுக்கு மேல் மாநிலத்தால் முடியாது என்று அவளும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாநிலக் குடிநீர்த் திட்டத்தின் தலைமைப் பொறியாளர் அவள். அவளுக்கு முன் இந்தப் பேச்சுக்கு வந்தவர்கள் வெறுங்கையோடு ஊர் திரும்பியிருந்தார்கள்.

எதிரே இருந்த இணைச் செயலாளர் கோமதிநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அறுபது தருகிறோம், ஆனால் மொத்தச் செலவைக் குறையுங்கள், எதையாவது விடுங்கள் என்றார்.

அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்புதான் வந்தது.

எந்தத் திட்டத்தைக் கொண்டுபோனாலும் மேலே இருப்பவர்கள் கொஞ்சம் வெட்டுவார்கள். வெட்டாவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது. அதனால் வெட்டுவதற்கென்றே எதையாவது சேர்த்துவைப்பது அவளுடைய துறையில் வழக்கம். இந்த முறை குழாய் போய் முடியும் இடத்தில் மூன்று சிற்றூர்களைச் சேர்த்திருந்தாள்.

வெட்டினால் போகட்டும் என்று.

ஓர் ஊரைச் சேர்ப்பதென்றால் அங்கே கூட்டம் போட்டு, எங்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்று தீர்மானம் வாங்க வேண்டும். மூன்று ஊர்களுக்கும் அவளே போயிருந்தாள். அவற்றில் ஒன்றான கள்ளிமேட்டில் டீ தரவில்லை. பெட்டிக்கடையிலிருந்து கலர் சோடா வாங்கிவந்து கொடுத்தார்கள்.

"எங்க தண்ணியில டீ போட்டா பால் திரிஞ்சு போகும்மா" என்றாள் ஒருத்தி, தானே ஏதோ தப்புச் செய்துவிட்டதைப் போல.

அந்த மூன்று ஊர்களிலும் எங்கே தோண்டினாலும் உப்புத்தான்.

தண்ணீர் வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றதும் எல்லோரும் தூக்கினார்கள். சிலர் இரண்டு கைகளையும் தூக்கினார்கள்.

அதெல்லாம் இப்போது ஞாபகம் வந்தது. வந்ததை ஒதுக்கிவிட்டு மைக்கை முன்னுக்கு இழுத்தாள்.

கடைசி மூன்று ஊர்களிலும் நிலத்தடி நீர் இருக்கிறது, அவற்றை விட்டுவிடலாம் என்றாள்.

பொய் இல்லை. இருக்கத்தான் செய்கிறது.

ஒப்பந்தம் கையெழுத்தானது. சென்னையிலிருந்து போனில் வாழ்த்தினார்கள். அவளோடு வந்த பொறியாளர் பெரிய பாரம் இறங்கியவர் போலச் சாய்ந்து உட்கார்ந்தார்.

கோமதிநாயகம் வாசல்வரை அவளுடன் வந்தார். சங்கரன்கோவில்காரர். மேசையில் ஆங்கிலம்தான், வெளியே வந்துவிட்டால் தமிழ்.

"என்ன மேடம், இம்புட்டுச் சீக்கிரம் விட்டுட்டீங்க? செலவைக் குறைங்கன்னு சும்மா கேட்டு வச்சோம். நீங்க முடியவே முடியாதும்பீங்க, நாங்களும் சரின்னு இறங்கி வந்துருவோம்னு நெனச்சேன். ஒண்ணையும் வெட்டாம அறுபது குடுக்கிறதா முடிவு பண்ணிட்டுத்தான் வந்தோம்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

விட்டுக்கொடுப்பதற்கென்று அவரும் ஒன்றைக் கையில் வைத்திருந்திருக்கிறார். கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். அவரே அதை எடுத்து நீட்டியிருப்பார்.

அவள் முகம் மாறியதை அவர் கவனித்துவிட்டார்.

"அந்த ஊருங்க ரொம்பக் கஷ்டப்படுற ஊருங்களா? அப்படின்னா இப்பவே சொல்லுங்க. எங்க செக்ரட்டரி இன்னும் உள்ளதான் இருக்காரு. ஒப்பந்தத்துல அந்த ஒரு பக்கத்த மாத்திரலாம்."

சும்மா சொல்லவில்லை. கதவின் கைப்பிடியில் அவர் கை இருந்தது.

அவள் வாயைத் திறந்தாள்.

உள்ளதைச் சொல்லலாம். சொன்னால், அப்பேர்ப்பட்ட ஊர்களையா வெட்டச் சொல்லி நீட்டினீர்கள் என்று அவர் கேட்கமாட்டார். நல்ல மனிதர். ஒருமுறை பார்ப்பார், அவ்வளவுதான். பிறகு உள்ளே போய், அத்தனை பேருக்கும் முன்னால், அவள் சொன்னதை அவளே மாற்றிச் சொல்ல வேண்டும்.

நினைக்கும்போதே கூசியது.

"இல்ல சார். சமாளிச்சுக்குவாங்க."

"அப்ப நல்லதாப் போச்சு" என்று கைப்பிடியை விட்டார் அவர். அவருக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது.