வலமாகச் சுற்றியவள்

ஏரிக்கரையாகப் போய் ஆற்றோரமாகத் திரும்பும் அந்த வட்ட மலைப்பாதையில் அம்புக்குறிகள் எல்லாம் இடமாகச் சுற்றச் சொல்லின. கோமளம் முடியாது என்றுவிட்டாள்.

"இது என்ன கோயிலா?" என்றார் அவள் கணவர் நடேசன்.

"எதுவா இருந்தா என்ன, நான் எடமாச் சுத்த மாட்டேன். நீங்க ஏரிப் பக்கம் போங்க. நான் ஆத்துப் பக்கமா வரேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு நாலடி பின்னால்தான் அவள் நடந்திருக்கிறாள். முப்பத்தொரு வருடமாகப் பார்த்தது அவர் முதுகைத்தான். இன்று முன்னால் யாருமில்லை. ஆறு கூடவே ஓடிவந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறைக்குப் பாறை தாவினாள். மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது.

பாதி வழியில் மரப்பாலம். கால் வைத்ததும் பலகைகள் கிறீச்சிட்டன. எதிரே ஒருவர் கைகளை வீசிக்கொண்டு விசிலடித்தபடி வந்தார். யாரோ என்று நினைத்தாள். நடேசன்தான். நடக்கும்போது இவர் முகம் இப்படியா இருக்கும்?

"வா, சேந்தே போயிடலாம்," என்று தான் வந்த வழியிலேயே அவளோடு திரும்பி நடக்கப் போனார்.

"நீங்க இன்னும் ஆத்தப் பாக்கலையே," என்று அவரைத் தாண்டி ஏரியை நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு மட்டும் குறுகுறுத்தது. பின்னால் பாலத்துப் பலகைகள் வெகுநேரம் கிறீச்சிடவே இல்லை.