கன அளவு: மூன்று

சாம்பல் மூன்று கிலோ. ஜாடி மூன்று லிட்டர். இரண்டும் சாப்பாட்டு மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

ஜாடி விற்கும் கடையின் இணையப் பக்கத்தில் 'கன அளவு' என்று ஒரு கட்டம் இருந்ததாம். பக்கத்தில் அலகு எதுவும் இல்லையாம். என் தம்பி அதில் மூன்று என்று போட்டுவிட்டான்.

"கனம்னா வெயிட்டுதானேக்கா? தகன மேடையில மூணு கிலோன்னு எடை போட்டுக் குடுத்தாங்க. அதைத்தான் போட்டேன்."

கனம் என்றால் எடைதான். கன அளவு என்றால் எடை இல்லை; ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடம். இந்த ஒரு சொல்லோடு வாத்தியார் வேலைக்காலம் முழுக்க மல்லுக்கட்டினார். ஆண்டுதோறும் புதிய பிள்ளைகள் வந்து பழைய தப்பையே செய்தார்கள். கன அளவைக் கேட்டால் கிலோவில் எழுதுவார்கள். அலகே எழுதாவிட்டால் அரை மார்க் வெட்டு.

வேதியியல் வாத்தியார். வேலையில் சேர்ந்த முதல் வாரமே தெருவுக்கெல்லாம் வாத்தியார். வீட்டில் கூடப்பிறந்த எங்கள் இருவருக்கும்கூட அதுவே நின்றுவிட்டது. ஒரு லிட்டர் எண்ணெய்ப் பாக்கெட் ஒரு கிலோ இல்லை என்று யாரோ மளிகைக் கடையில் சண்டை பிடித்தபோது, கடைக்காரருக்காக வாதாடியவர். ஜெயித்தார். அப்புறம் கடைக்காரரே எதற்கும் அவரைக் கூப்பிடுவதில்லை.

இப்போது வாத்தியார் இல்லை. கணக்கை நான்தான் போட வேண்டும்.

அளவுக் குவளை வீட்டில் கிடையாது. சமையலறைத் தராசில் ஒரு டம்ளரை வைத்து எண்ணைச் சுழியமாக்கிவிட்டு, தண்ணீரை விளிம்புவரை ஊற்றினேன். இருநூறு கிராம். தண்ணீருக்கு மட்டும் கிராமும் மில்லியும் ஒன்று. ஆக, டம்ளர் இருநூறு மில்லி. துடைத்துக் காயவைத்து, அதே டம்ளரில் சாம்பலை நிரப்பினேன். நூற்று எண்பது கிராம்.

"அக்கா, அது நான் டீ குடிக்கிற டம்ளர்."

"இனிமே வேற டம்ளர்ல குடி."

நூற்று எண்பதை இருநூறால் வகுத்தால், அடர்த்தி மில்லிக்குப் புள்ளி ஒன்பது கிராம். மூவாயிரம் கிராமைப் புள்ளி ஒன்பதால் வகுத்தால், மூவாயிரத்து முந்நூற்று முப்பத்து மூன்று மில்லி. எல்லா வரியிலும் அலகு எழுதினேன். யாரும் திருத்தப்போவதில்லை. இருந்தாலும்.

ஜாடி நிரம்பிய பிறகு முந்நூறு கிராம் வெளியே நிற்கும்.

மாற்றித் தர ஒரு வாரம் ஆகும் என்றது கடை. ஜாடியை வைக்கப்போகும் சுவர் மாடத்தைக் கல் வைத்து மூடுவதற்குக் கொத்தனார் மத்தியானம் வருகிறார். தம்பி கையைப் பிசைந்தான். மிச்சத்தை ஏதாவது செடிக்கு அடியில் தூவிவிடலாம் என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான்.

"எந்த மிச்சத்தை? கையையா, காதையா?"

அவன் பையை என் பக்கம் நகர்த்தினான்.

டம்ளரில் இருந்ததை முதலில் போட்டு, பிறகு பையிலிருந்து மெல்லச் சரித்தேன். விளிம்பைத் தொட்டதும் நிறுத்தினேன். பையைத் தராசில் வைத்தேன். முந்நூறு. முழு மார்க்.

ஆனால் சாம்பல் தண்ணீர் இல்லை. துகளுக்கும் துகளுக்கும் நடுவில் காற்று உட்கார்ந்திருக்கிறது. டப்பாவில் மாவு கொள்ளாமல் போனால் நான் அடர்த்தியை யோசித்ததில்லை. பக்கவாட்டில் நாலு தட்டுத் தட்டுவேன்.

மேசைமேல் வைத்துத் தட்டினால் டங்கு டங்கென்றது. காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டேன். மடியில் துண்டை மடித்துப் போட்டு, ஜாடியை நிமிர்த்தி ஒரு கையால் அணைத்துக்கொண்டேன். இன்னொரு கையின் உள்ளங்கையால் தட்டினேன்.

சாம்பல் ஒரு நூல் இறங்கியது. தம்பி குந்தி உட்கார்ந்து ஒரு கரண்டி போட்டான். தட்டினேன். இன்னும் ஒரு கரண்டி.

பாதிப் பையில் இறங்குவது நின்றுவிட்டது. தம்பி என் முகத்தைப் பார்த்தான். நான் கையை நிறுத்தவில்லை. கொஞ்சம் வேகத்தைக் குறைத்தேன், அவ்வளவுதான். பிறகு அது மறுபடி இறங்கியது.

கை தானாக ஒரு தாளத்துக்கு வந்திருந்தது. உடம்பும் முன்னும் பின்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

பை காலியாயிற்று. தம்பி அதைக் கவிழ்த்து, மூலையைச் சுண்டிப் பார்த்தான். ஜாடிக்குள் எட்டிப் பார்த்தான். பார்த்ததும் குரல் தானாகத் தணிந்துபோயிற்று.

"அடங்கிட்டானாக்கா? சின்னதுலயும் இப்படித்தானே. நீ மடியில போட்டுத் தட்டுனாத்தான் அடங்குவான்."

மூடியைச் சத்தம் வராமல் திருகினேன்.