பொம்மிடியிலிருந்து தகவல்

தர்மபுரி மாவட்டத்தில் ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் உளவுப் பிரிவின் ஏட்டு ஒருவர் மஃப்டியில் இருப்பார். தன் பகுதியில் நடப்பதைக் காலையில் எஸ்.ஐ. ஷகிலாவுக்குப் போனில் சொல்வார். ஷகிலா அவற்றைத் தொகுத்து எஸ்.பி.க்கு அனுப்புவார்.

பொம்மிடி ஏட்டு பெரியண்ணன் மாரடைப்பில் இறந்த பிறகு அந்த இடம் காலியாகவே இருந்தது. அவருடைய அடக்கத்துக்கு ஷகிலாவும் போயிருந்தார். ஒரு மழைநாள் காலை, பெரியண்ணனின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"பொம்மிடிங்க மேடம். ரயில்வே பாலத்துக்கு அடியில தண்ணி ஏறுதுங்க. ஸ்கூல் வேன் வர்ற நேரம், வழிய அடைக்கச் சொல்லுங்க."

அவருடைய குரலேதான், அதே மூச்சிரைப்போடு. ஆனாலும் ஷகிலா, யார் பேசுவது என்று கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. உடனே நிலையத்தை அழைத்து வழியை அடைக்க வைத்தார். வேன் பிள்ளைகளோடு மேட்டிலேயே நின்றது. சற்று நேரத்தில் பாலத்தடி முழுவதும் மூழ்கிவிட்டது.

மாலையில் அந்த எண்ணுக்கு அழைத்துப் பார்த்தார். உபயோகத்தில் இல்லை என்றது.

மறுநாள் காலையும் அதே குரல். "பொம்மிடிங்க மேடம். இன்னிக்கு விசேஷம் ஒண்ணும் இல்லீங்க."

ஷகிலா நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரிங்கண்ணா. நாளைக்கும் பேசுங்க."

அன்று மதியம் எஸ்.பி. கேட்டார். "பொம்மிடிக்கு வேற ஆள் போட்டுரலாமா?"

"வேண்டாங்க சார்," என்றார் ஷகிலா. "அங்க ஆள் இருக்காரு."