ஒரு கிலோவுக்குள் யாத்திரை

"பல் விளக்குற பிரஷுக்கு இம்புட்டு நீளப் பிடி எதுக்குட்டி? பாதிய அறுத்துரு."

கண்ணுச்சாமி சமையலறைத் தராசைக் கூடத்துக்கே கொண்டுவந்திருந்தார். பட்டாளத்தில் இருபது வருஷம் மூட்டை சுமந்த மனுஷர். ராஜபாளையத்திலிருந்து திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போக அவர் போட்டிருந்த சட்டம் இது: பை ஒரு கிலோவைத் தாண்டக் கூடாது. மூன்று வேலைக்கு உதவாத பொருளுக்குப் பைக்குள் இடமில்லை.

காரணம் இருந்தது. போன வருஷம் சங்கரன்கோவிலை எட்டும் முன்பே முட்டு மடங்கி, பஸ் ஏறித் திரும்பிவிட்டார். அன்றிலிருந்து தெருவில் அவர் பெயர் 'பஸ் சாமி'. இந்த முறையும் பாதியில் வந்தால் ஊரைக் காலிசெய்ய வேண்டியதுதான்.

மனைவி மாரிசெல்வி அரிவாள்மணையில் பிரஷை அறுத்தாள்.

"போர்வை வைக்கவா?"

"வேண்டாம். காவி வேட்டிதான் போர்வை. முடிச்சுப் போட்டா அதுவே பை. குளிச்சா துவட்டவும் ஆச்சு."

"அப்ப எதைக் கட்டிக்கிட்டு நடப்பிய?"

கண்ணுச்சாமி சாமான் பட்டியலை எடுத்தார். அதில் 'வேட்டி 2' என்று திருத்திக்கொண்டார்.

"பல்பொடி?"

"எதுக்கு? திருநீறு இருக்குல்ல. நெத்திக்கு, பல்லுக்கு, பொறவு செருப்பு கடிச்ச எடத்துக்கு. மூணு வேலை."

"முருகன் கோவிச்சுக்கிடப் போறாரு."

"அவரும் மலை மலையா ஏறுனவருதான். வெயிட்டோட அருமை தெரியும்."

எல்லாம் வைத்து நிறுத்தார். ஆயிரத்து நூற்று நாற்பது கிராம். அவர் முகம் வாடியது.

மாரிசெல்வி சீப்பை ஒடித்துப் பாதியை வெளியே வைத்தாள். சட்டையின் ஐந்து பொத்தானில் மூன்றை வெட்டினாள். கண்ணாடிக் கூட்டை எடுத்தாள். வீட்டுச் சாவியை எடுத்தாள். தொள்ளாயிரத்து எண்பது.

"போதும்ட்டி, ஜெயிச்சாச்சு."

"இன்னும் குறைக்கலாம்" என்றாள் அவள். மாற்றுச் சட்டை போனது, டார்ச் போனது, தண்ணீர் பாட்டிலும் போனது. முள் அறுநூற்று நாற்பதில் நின்றது.

கண்ணுச்சாமி அவளை நிமிர்ந்து பார்த்தார். வருஷா வருஷம் முறுக்கும் அதிரசமும் திணித்து அனுப்புகிறவள் இவள். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவர் சொன்னதற்கு மேலேயே அவள் செய்தது இன்றுதான். இவளைப் போய் எத்தனை தடவை வைதிருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது.

"என் மனசு உனக்குத்தான் தெரியுது" என்றார்.

"அது கெடக்கட்டும். முட்டு இப்ப எப்படி இருக்கு?"

"சுத்தமா வலியே இல்லட்டி. நேத்து மாடிப்படி அம்பது தடவை ஏறி இறங்குனேன். என்ன மாயமோ தெரியல."

"மாயமெல்லாம் இல்ல" என்ற மாரிசெல்வி, கன்னத்தில் போட்டுக்கொண்டு கட்டிலுக்கடியில் குனிந்தாள். இரண்டு கையாலும் ஒரு சாக்கை இழுத்தாள். அது வரும்போதே கணகணவென்று சத்தம் கேட்டது.

"உங்க முட்டு வலி தீந்தா, உங்க தோள்லயே சுமந்து நடந்துவந்து, முருகனுக்கு வெண்கல மணி கட்டுவியன்னு நேர்ந்துக்கிட்டேன். பதினெட்டு கிலோதான். வண்டியில ஏத்துனா நேர்த்திக்கடன் செல்லாதாம்."